காசு கொடுத்து யாட்டில் ஏறினால் பொறுப்பு யார் தலையில்?

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரம் கடலில் கழிப்பதாக முடிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தெற்குக் கரையாக இருக்கலாம், கிரேக்கத் தீவுகளாகவும் இருக்கலாம். தேடத் தொடங்கியதும் நான்கு வழிகள் கண்ணில் படும். தெரிந்தவர் ஒருவரின் சொந்த யாட்டில், அதாவது உல்லாசப் படகில், செலவைப் பகிர்ந்துகொண்டு போவது முதல் வழி. யாட்டை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது இன்னொன்று. இதை பேர்போட் என்கிறார்கள். மூன்றாவது, ஸ்கிப்பரோடு, அதாவது படகை நடத்தும் தலைவரோடு, சேர்த்து எடுப்பது. கடைசியாக, கேப்டனில் தொடங்கி சமையல்காரர் வரை ஆட்களோடு வரும் பெரிய யாட்.

விலைப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது வசதியைப் பற்றிய தேர்வு போலத் தெரியும். சட்டத்தின் கண்ணில் இந்த நான்கும் நான்கு வேறு உறவுகள். ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும், படகை யாராவது சோதித்திருக்க வேண்டுமா, அடிபட்டவர் எத்தனை ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் மாறுகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பெரும்பாலானோருக்கு இது தெரிவதில்லை, தெரியும்படி யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரிட்டன் சட்டத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். சிறிய வணிக யாட்டுகளுக்கு அங்கே தெளிவாக எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறது. அந்த விதிமுறை நீதிமன்றம் வரை போய்ச் சோதிக்கப்பட்டும் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் பழக்கமில்லாத குடும்பம் என்றால், வணிகச் சான்றுள்ள யாட்டை, அந்த யாட்டை நடத்தும் நிறுவனமே அனுப்பும் ஸ்கிப்பரோடு, ஒரே ஒப்பந்தத்தில் எடுங்கள். மற்ற மூன்று வழிகளுக்கும் அதனதன் இடம் உண்டு. எது எங்கே பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

தெரிந்தவர் படகு

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகள் 'பொழுதுபோக்குப் படகு' எது என்று வரையறுக்கின்றன. உரிமையாளரும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும் நண்பர்களும் விளையாட்டுக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ போகும் படகு அது. உரிமையாளர் அந்தப் பயணத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: அந்தப் பயணத்தில் நேரடியாக ஆகும் செலவில் மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம். டீசல், துறைமுகக் கட்டணம், சாப்பாடு போன்றவை இதில் வரும். வருடாந்திரக் காப்பீடு, புதுப் பாய், படகுக்கு அடித்த பெயிண்ட் ஆகியவை வராது.

இந்த வரையறைக்குள் இருக்கும் படகுக்கு வணிகப் படகுகளுக்கான பாதுகாப்பு விதிமுறை பொருந்தாது. ஆய்வாளர் யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனின் கடற்பகுதியில் இப்படிப்பட்ட படகை ஓட்ட உரிமமும் தேவையில்லை. அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள் கடலில் இறங்கும் எல்லாப் படகுக்கும் உண்டு. புறப்படும் முன் வானிலை, நீரோட்டம், ஆபத்தான இடங்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்ற கடமையும் 2002-லிருந்து சிறு படகுகளுக்கு உண்டு. கவனக்குறைவால் ஒருவருக்கு அடிபட்டால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடவும் வழி இருக்கிறது.

உண்மையான நண்பரின் படகில் போவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தன் படகைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாட்ஸாப் குழுவில் 'தலைக்கு இவ்வளவு, இன்னும் இரண்டு இடம் இருக்கிறது' என்று செய்தி வரும்போது. உரிமையாளரை நீங்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. கொடுக்கும் பணம் டீசலையும் சாப்பாட்டையும் தாண்டிவிட்டது. அப்போது அது நண்பர்களின் பயணம் என்று சொல்லிக்கொண்டாலும், சட்டம் அதை வணிகப் பயணமாகவே பார்க்கும். படகிலோ வணிகச் சான்று இருக்காது. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த காப்பீடு, வாடகைப் பயணத்தில் நடந்த விபத்துக்குக் கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது. நான்கு வழிகளில் நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது இந்த இரண்டுங்கெட்டான் நிலையை மட்டும்தான்.

சீக்கி ரஃபிகி

வணிகப் பயணமா, சொந்தப் பயணமா என்பது ஏட்டுக் கேள்வி போலத் தோன்றலாம். 2014-இல் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

கரீபியன் கடலில் ஆன்டிகுவா தீவில் ஆண்டுதோறும் பாய்ப்படகுப் போட்டி வாரம் நடக்கும். அந்த ஆண்டு போட்டி முடிந்ததும் சீக்கி ரஃபிகி என்ற 40 அடி யாட், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். மே 15 அன்று படகுக்குள் தண்ணீர் வருவதாக ஸ்கிப்பர், படகை நடத்திய நிறுவனத்தின் இயக்குநருக்குத் தெரிவித்தார். இயக்குநர் கரையில் இருந்தார். மறுநாள் அதிகாலை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஏறக்குறைய 720 மைல் தொலைவில், படகின் கீல் கழன்றுபோய்ப் படகு கவிழ்ந்தது. பாய்ப்படகின் அடியில் கனமான உலோகத் தகடு போல நீரில் இறங்கி நிற்பதுதான் கீல். காற்று பாயைச் சாய்க்கும்போது படகைத் திரும்ப நிமிர்த்துவது அதன் எடைதான். அது போய்விட்டால் சில நொடிகளில் படகு தலைகீழாகிவிடும்.

ஆளோடு இருக்கும் சிறிய அபாய ஒலிபரப்பிகளிலிருந்து சமிக்ஞை வந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை தேடியது. மே 18 அன்று தேடலை நிறுத்தியது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட கோரிக்கையும் பிரிட்டன் அரசின் வேண்டுகோளும் சேர்ந்து, மே 20 அன்று மறுபடி தேடத் தொடங்கினார்கள். மே 23 அன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தது. நீரில் இறங்கிப் பார்த்தபோது, உயிர்காப்பு மிதவை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அதை எடுக்கவே அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. நான்கு பேரின் உடலும் கிடைக்கவில்லை. ஸ்கிப்பருக்கு வயது 22.

பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. இந்த வகைப் படகில், உள்ளே ஒரு சட்டக அமைப்பு அடிப்பகுதியோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கீலைத் தாங்கும் போல்ட்டுகள் இரண்டையும் துளைத்துப் போகும். படகு தரை தட்டும்போது அந்த ஒட்டு விட்டுப்போகலாம். விட்டுப்போனது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம். சீக்கி ரஃபிகி முன்பு தரை தட்டியிருந்தது. 'லேசாகத் தட்டியது, ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். அந்த யாட்டுக்குக் கிடைத்த வணிகச் சான்று இரண்டாம் வகை. பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 60 மைலுக்குள் மட்டும் இயங்கலாம் என்பது அதன் பொருள். அட்லாண்டிக்கின் நடுப்பகுதி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அப்படியென்றால் போட்டி முடிந்து வீடு திரும்பும் பயணம் வணிகப் பயணமா, சான்று தேவைப்படாத பொழுதுபோக்குப் பயணமா? வழக்கின் நடுவில் நின்ற கேள்வி இது. ஒரு சிறு படகு எப்போது வணிக விதிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும், எப்போது விலக்கு உண்டு என்பதற்கு நடத்துநர்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் தர வேண்டும் என்று புலனாய்வுப் பிரிவு பிரிட்டன் கடல்சார் முகமையிடம் பரிந்துரைத்தது. தொழிலில் இருப்பவர்களுக்கே எல்லை மங்கலாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறுவன இயக்குநர்மேல் இரண்டு விதமான குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒன்று, கடும் கவனக்குறைவால் நான்கு பேரின் மரணத்துக்குக் காரணமானது. மற்றது, 1995-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 100-ஆம் பிரிவை மீறியது. கப்பல் பாதுகாப்பான முறையில் இயங்குவதை உறுதிசெய்ய நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. 2017-இல் வின்செஸ்டர் நீதிமன்றத்தில் நடுவர் குழு 100-ஆம் பிரிவின் கீழ் அவரைக் குற்றவாளி என்றது. மரணத்துக்குக் காரணமானது பற்றி அவர்களால் ஒருமித்து முடிவெடுக்க முடியவில்லை. 2018-இல் நடந்த மறுவிசாரணையில் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். முன்பு உறுதியான குற்றத்துக்கு 15 மாதச் சிறைத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

இந்த வழக்கிலிருந்து படகில் ஏறப்போகும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. சான்று இருக்கிறதா என்று கேட்டால் போதாது. நாம் போகப்போகும் இந்தப் பயணத்துக்கு அந்தச் சான்று செல்லுமா என்று கேட்க வேண்டும். போட்டி முடிந்து படகைத் திருப்பிக் கொண்டுபோகும் பயணத்தில் குறைந்த செலவில் ஓர் இடம் தருகிறோம் என்று யாராவது அழைத்தால், இந்தக் கேள்வி இன்னும் அவசியம். இரண்டாவது, நடத்துநரின் கடமை சான்றோடு முடிவதில்லை. காகிதம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100-ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். ஆனால் அது பிடிப்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஸ்கிப்பரோடு எடுப்பது

24 மீட்டருக்குக் குறைவான, 12 பயணிகளுக்கு மேல் ஏற்றாத வணிகப் படகுகளுக்கு பிரிட்டனில் தனி விதிமுறை இருக்கிறது. அதன்படி தரப்படும் சான்று பெரும்பாலும் ஒரு பக்கத் தாள்தான். கேட்டால் காட்டுவார்கள். அதில் படகின் பெயர், எத்தனை பேர் ஏறலாம், எந்தப் பகுதி வகை, எப்போது காலாவதி, யார் கொடுத்தது என்றெல்லாம் இருக்கும். பகுதி வகையைத்தான் முதலில் பாருங்கள். எண் குறையக் குறைய எல்லை விரியும். மூன்றாம் வகை 20 மைல், இரண்டாம் வகை 60 மைல், முதல் வகை 150 மைல், பூஜ்யம் என்றால் எல்லையே இல்லை. நான்காம் வகையும் 20 மைல்தான், ஆனால் நல்ல வானிலையில், பகல் வெளிச்சத்தில் மட்டும். 'ராத்திரிப் பயணம், நட்சத்திரங்களின் கீழே' என்று விளம்பரம் செய்யும் படகில் நான்காம் வகைச் சான்று இருந்தால், விளம்பரமும் சான்றும் ஒத்துப்போகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சான்று அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் சோதனை உண்டு, நடுவில் ஒருமுறை சான்றளித்த அமைப்பே வந்து பார்க்கும். படகு எவ்வளவு சாய்ந்தால் நிமிரும், தண்ணீர் இறைக்கும் பம்ப்புகள் எத்தனை, தீயணைப்பான்கள் எங்கே, மிதவையில் எல்லோருக்கும் இடம் உண்டா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

ஸ்கிப்பரிடமும் ஒரு தாள் இருக்க வேண்டும். யாட்மாஸ்டர் என்ற படகோட்டும் தகுதிச் சான்று வைத்திருப்பது மட்டும் போதாது. அதன்மேல் வணிக ஒப்புதல் வேண்டும். அதற்கு மருத்துவத் தகுதி, கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சி, தொழில்முறைப் பொறுப்புகள் பற்றிய படிப்பு ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிப்பு எனக்குப் பிடித்த விஷயம். படகு ஓட்டத் தெரிந்தவருக்கும், காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களின் உயிரைப் பொறுப்பேற்பவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் அங்கே ஒத்துக்கொள்கிறது.

இந்த வழியின் உண்மையான பலம், 'இன்றைக்குப் போக வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் இருப்பது. அவருக்கு அதிகாரமும் உண்டு, சொல்லாமல் விட்டால் தண்டனையும் உண்டு. படகையோ ஆட்களையோ ஆபத்துக்கு உள்ளாக்கும் நடத்தை கேப்டனுக்கும் மாலுமிக்கும் தனிக் குற்றம். பலவீனமும் இல்லாமல் இல்லை. அடுத்த வாரம் வேறு வாடிக்கையாளர் காத்திருப்பார், நிறுவனம் அவசரப்படுத்தும், பணம் கட்டியவர்கள் முகம் சுளிப்பார்கள். இளம் ஸ்கிப்பர் ஒருவருக்கு இதை எதிர்த்து நிற்பது கஷ்டம். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்வதுதான் பயணிகளின் பங்கு.

கிரேக்கத்திலும் குரோஷியாவிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'ஸ்கிப்பரோடு' என்று விற்கப்படும் பல பயணங்கள் உண்மையில் இரண்டு தனி ஏற்பாடுகள். யாட் பேர்போட்டாக உங்கள் பெயரில். ஸ்கிப்பர் தனி ஆளாக, நாளுக்கு இவ்வளவு என்று, அவருக்கு நீங்களே தனியாகக் கொடுக்க வேண்டும். படகை நடத்துபவர் ஸ்கிப்பர்தான். ஆனால் யாட்டை எடுத்தவர் என்ற முறையில் ஒப்பந்தத்தின் கடமைகள், முன்பணம், சேதத்துக்கான பொறுப்பு எல்லாம் உங்களிடமே தங்கிவிடும். ஸ்கிப்பருக்குச் சொந்தப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்பது அப்போது உங்கள் கவலையாகிவிடுகிறது. எத்தனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் இரண்டையும் முழுதாகப் படியுங்கள்.

பேர்போட்

இது வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டுவது போலத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அதைவிட ரொம்ப தூரம் போகிறது. முழுப் பேர்போட் ஒப்பந்தத்தில் படகின் கட்டுப்பாடே கைமாறுகிறது. மேலே சொன்ன 100-ஆம் பிரிவே, படகை இப்படி எடுத்து நடத்துபவரையும் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. அதாவது அந்த ஒரு வாரத்துக்கு, படகு பாதுகாப்பாக இயங்குவதற்கான கடமை உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

வாடகைக்கு விடும் நிறுவனம் தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் பேர்போட்டும் வணிகப் பயன்பாடுதான், சான்று வேண்டும். படகை ஒப்படைக்கும்போது முறையாக விளக்கிக் கொடுக்க வேண்டும் என்றும் விதிமுறை சொல்கிறது. இந்த ஒப்படைப்பு நேரத்தைத்தான் வாடகைக்கு எடுப்பவர்கள் வீணாக்குகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம், எல்லோருக்கும் பசி, குழந்தைகள் அறை பிடிக்க ஓடுகிறார்கள், ஊழியர் அடுத்த படகுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் மட்டுமாவது நிதானமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டையும் திறந்து, உள்ளே இருக்கும் காற்றுச் சிலிண்டர் திருகி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஜாக்கெட் ஊதாது. மிதவையின் அடுத்த சர்வீஸ் தேதியைப் படியுங்கள். அடிப்பகுதியில் கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, நீங்களே மூடித் திறந்து பாருங்கள். தரைப் பலகையைத் தூக்கிக் கீலின் போல்ட்டுகளைச் சுற்றி விரிசலோ துருக்கறையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சமையல் கேஸை எங்கே அடைப்பது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கிரேக்கத்தில் பேர்போட் எடுக்க உரிமம் உள்ள ஒருவரும், உதவிக்குப் படகு ஓட்டத் தெரிந்த இன்னொருவரும் வேண்டும். குரோஷியாவில் உரிமத்தோடு ரேடியோ இயக்கும் சான்றும் கேட்பார்கள். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40-ஆம் தீர்மானப்படி தரப்படும் பன்னாட்டுத் தகுதிச் சான்று மத்தியதரைக் கடலில் பரவலாக ஏற்கப்படுகிறது. இவை குறைந்தபட்சத் தேவை. ஏஜியன் கடலில் கோடையில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். உரிமம் வாங்கியவுடனே அதை எதிர்கொள்ளத் தெரிந்துவிடாது.

நம் குடும்பங்களுக்கு என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் 28 வயது மருமகனாக இருப்பார். வந்திருப்பதில் மூத்தவர் 60 வயது மாமாவாக இருப்பார். 'விமானத்துக்கு நேரமாகுது, சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்ப்பா' என்று மாமா சொன்னால் கரையில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கடலில் சட்டம் மாமாவைக் கேட்காது. கேப்டனாகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்கும். புறப்படும் முன்பே எல்லோர் முன்னிலும் இதைப் பேசி வைத்துக்கொள்ள முடியாத குடும்பம், பேர்போட் எடுக்காமல் இருப்பதே நல்லது.

அமெரிக்காவில் இதே பேர்போட் வேறு விதமாகத் திரிக்கப்படுகிறது. அங்கே காசு வாங்கிக்கொண்டு ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால், கடலோரக் காவல் படையின் ஆய்வுச் சான்று தேவை. உண்மையான பேர்போட் என்றால் 12 பேர் வரை இந்தத் தேவையில்லை. அதனால் மயாமி போன்ற இடங்களில் விருந்துப் பயணத்துக்கு வருபவர்களிடம், புறப்படும் முன் படகுத்துறையில் வைத்து ஒரு பேர்போட் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேப்டனைத் தாங்களே ஏற்றிவிடுவது நடக்கிறது. காவல் படை இதைச் சட்டவிரோதமாகக் கருதி நடவடிக்கை எடுக்கிறது. கேப்டனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடகைக்கு எடுப்பவருக்கு உண்மையில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அடிப்படை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வந்தவர், தன்னை அறியாமலே படகின் பொறுப்பைத் தன் பெயரில் எழுதிக் கொடுக்கிறார். கையில் அந்தத் தாள் நீட்டப்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடிபட்டால் எத்தனை ஆண்டு

இங்கிலாந்தில் உடல் காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். கடலில் பயணியாக ஏற்றிச் செல்லப்பட்டவருக்கு, கடல் பயணிகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தினால் அது இரண்டு ஆண்டாகக் குறைந்துவிடும். இது பெரிய பயணிக் கப்பல்களுக்கான விதி என்று பலர் நினைத்திருந்தார்கள். பிரிஸ்டல் கால்வாயில், அலுவலக உல்லாசமாக வேகப் படகில் போன ஒருவருக்கு 2008-இல் முதுகில் அடிபட்டது. அந்தச் சிறு உலாவுக்கும் இந்த உடன்படிக்கை பொருந்தும் என்றார்கள். படகு நடத்துநர்மேல் அவர் நேரடியாக வழக்குப் போடும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன பிறகு, அவர் வழக்குப் போட்டிருந்த அவருடைய முதலாளி மட்டும் நடத்துநரிடம் இழப்பீட்டில் பங்கு கேட்கலாம் என்று முடிவானது.

ஸ்கிப்பரோடு போகும்போது நீங்கள் பயணி என்ற வாதம் வலுவாக இருக்கும். பேர்போட்டில் நீங்களே படகை நடத்துகிறீர்கள், அங்கே நிலைமை வேறு. எப்படியிருந்தாலும் காயம் ஏற்பட்டால் இரண்டு ஆண்டுதான் என்று எண்ணிக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

பணம் கட்டி மாலுமியாகப் போவது

உலகைச் சுற்றும் கிளிப்பர் பந்தயம் போல, பயணி என்று சொல்ல முடியாத, ஆனால் பணம் கட்டி ஏறும் வழியும் உண்டு. 2017 நவம்பரில் அந்தப் பந்தயத்தின் ஒரு யாட்டில், முன்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் கடலில் விழுந்து இறந்தார். அவர் படகோடு தன்னைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கயிற்றின் கொக்கி, தளத்தில் கயிறு சுற்றும் உலோகக் கொம்பின் அடியில் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் இழுவிசை வந்ததும் கொக்கி வளைந்து விட்டுவிட்டது. நேராக இழுத்தால் தாங்கும் கொக்கி அது. அதே பந்தயத்தின் வேறொரு யாட்டில் 2015-இலும் 2016-இலும் இருவர் இறந்திருந்தார்கள். ஒரே ஒரு தொழில்முறை ஸ்கிப்பர் போதுமா என்ற கேள்வி அந்த விசாரணையில் எழுந்தது. பிறகு வந்த பந்தயத்தில் தகுதியுள்ள இன்னொருவரையும் படகுகளில் சேர்த்தார்கள். இந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன், தெரிந்தே போகிறவர்கள் போகட்டும். அந்த ஸ்கிப்பர் விழுந்துவிட்டால் படகைத் திருப்பத் தெரிந்தவர் யார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பெரிய யாட்

ஆட்களோடு வரும் பெரிய யாட்டில் விதிகள் அதிகம், ஆய்வுகள் அதிகம், சான்றுகளும் அதிகம். பொறுப்பு உரிமையாளர் நிறுவனம், மேலாண்மை நிறுவனம், கேப்டன், படகு பதிவான கொடி நாடு என்று பல கைகளில் பிரிந்து கிடக்கும். இது தானாகவே பாதுகாப்பாகிவிடாது. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை, சிசிலியின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த பேய்சியன் என்ற 56 மீட்டர் பாய்மர யாட், திடீர்ப் புயல்காற்றில் சாய்ந்து மூழ்கியது. 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். பிரிட்டன் கொடி பறந்த யாட் அது.

2025 மே மாதம் பிரிட்டன் புலனாய்வுப் பிரிவு வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் இருந்த ஒரு செய்தி கவனிக்க வேண்டியது. பாய்கள் இறக்கப்பட்டு, அடியில் கீல் போல இறக்கி ஏற்றக்கூடிய நடுப்பலகை மேலே தூக்கப்பட்ட நிலையில், பக்கவாட்டில் மணிக்கு 63.4 கடல் மைல் வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் அந்த யாட் கவிழ்ந்துவிடக்கூடும். இது படகில் இருந்த நிலைத்தன்மைக் கையேட்டில் இல்லை. உரிமையாளருக்கும் ஊழியர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. கையேடு அங்கீகரிக்கப்பட்டதுதான். இத்தாலியில் கேப்டன்மேலும் ஊழியர்கள் இருவர்மேலும் குற்ற விசாரணை தொடங்கப்பட்டது. பிரிட்டன் புலனாய்வுப் பிரிவின் வேலை இனி இப்படி நடக்காமல் தடுப்பது மட்டும்தான், பழி யார்மேல் என்று சொல்வது அதன் வேலை இல்லை.

இவ்வளவு செலவு செய்யக்கூடியவர்கள் கேட்க வேண்டியது, இரவு நங்கூரமிட்டிருக்கும்போது யார் விழித்திருப்பார்கள், காற்று எந்த அளவைத் தொட்டால் கேப்டனை எழுப்புவார்கள், பக்கக் கதவுகளை எப்போது மூடுவார்கள் என்பது.

யாருக்கு எது

கடல் புதிது என்றால், நிறுவனத்தின் ஸ்கிப்பர், ஒரே ஒப்பந்தம், பயணத்துக்குப் பொருந்தும் சான்று. தீவுகளை விட்டு விலகாத, பகலில் மட்டும் ஓடும் பயணமாகக் கேளுங்கள். குழுவில் இருவருக்காவது நல்ல அனுபவம் இருந்து, அவர்களில் ஒருவர் எல்லோரையும் மறுத்துப் பேசக்கூடியவராகவும் இருந்தால் பேர்போட் எடுக்கலாம். ஸ்கிப்பர் பொறுப்புக் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் நண்பரின் படகு என்றால் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள். முகம் தெரியாதவரின் 'பங்குச் செலவு' விளம்பரத்துக்குப் பதில் எழுத வேண்டாம்.

முன்பணம் கட்டும் முன் நடத்துநருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்தத் தேதிகளில், இந்த வழியில் நாங்கள் போகும் பயணம் உங்கள் சான்றின் எல்லைக்குள் வருகிறதா, கேப்டன் யார், அவரை வேலைக்கு வைத்திருப்பது நீங்களா, படகு கடைசியாக எப்போது தண்ணீரிலிருந்து தூக்கிச் சோதிக்கப்பட்டது, அதற்குப் பிறகு தரை தட்டியதுண்டா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் சான்றின் நகலோடு பதில் போடுவார். தொலைபேசியில் அழைத்து 'அதெல்லாம் கவலைப்படாதீர்கள்' என்று சொல்பவரிடம், எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.